பெரிய நாடுகள் ஏறாத கூண்டு

அக்கா,

இன்று காலை கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் இறங்கியபோது உன் வீட்டுக்காரர் எனக்காக நின்றிருந்தார். அகதி முகாமில் இடித்தது என்று சொல்லி ஒரு பொட்டலம் கோப்பித்தூளைக் கையில் கொடுத்தார். உடனே கிளம்பிப் போய்விட்டார். மல்லியும் சுக்கும் சேர்த்து வறுத்த அந்த வாசனை கம்பெனி வாசல் வரைக்கும் என் பையிலிருந்து வந்துகொண்டே இருந்தது. நீ கண்ணை மூடி ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. உன்னோடு பேசி முடிக்காத பேச்சு ஒன்று என்னிடம் மிச்சமிருக்கிறது.

தொழிற்பேட்டையில் ஒரே மேசையில் எதிரெதிராக உட்கார்ந்து பிளாஸ்டிக் மூடிகளின் பிசிரை வெட்டிய நாட்களில், நான் உன்னை ‘நீ’ என்றேன். என்னைவிட மூத்தவளான நீ என்னை ‘நீங்கள்’ என்றாய். கடலுக்கு அந்தப் பக்கம் உங்கள் ஊரில் சின்னப் பிள்ளையைக்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று சொல்லிச் சிரித்தாய். உன் மகன் நிரோசனையும் அப்படித்தான் கூப்பிட்டிருப்பாய் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. அவன் ஒருவன் இருந்தான் என்பதே தெரியாது.

வெளிநாட்டிலிருந்து வக்கீல்கள் வரப்போகிறார்கள் என்ற செய்தி முகாமுக்கு வந்த வாரம்தான் சொன்னாய். உங்கள் ஊர்ப் போரின் கடைசி நாட்களில் என்ன நடந்தது என்று பார்த்தவர்களிடம் கேட்டு எழுதப் போகிறார்கள், ஒருநாள் உலகக் கோர்ட்டில் அது சாட்சியாகலாம் என்றார்களாம். உன் வீட்டுக்காரருக்கு விருப்பமில்லை. அங்கே இன்னும் உன் தங்கை குடும்பம் இருக்கிறது, இங்கே நாம் அகதிப் பதிவுக் காகிதத்தை நம்பித்தான் இருக்கிறோம், எதற்கு வம்பு என்றார். நீ இரண்டு மனதாக இருந்தாய்.

அந்த நேரம் பார்த்து கேன்டீன் டிவியில் அந்தச் செய்தி வந்தது. அதே உலகக் கோர்ட்டின் நீதிபதிகளுக்கு ஒரு பெரிய நாடு தடை போட்டிருந்தது. தன் ஆட்களையும் தன் கூட்டாளிகளையும் விசாரிக்க அவர்கள் யார் என்று அந்த நாட்டுக்காரர் மைக்கில் கேட்டார். நீ சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாய். நம் சூப்பர்வைசர் தேவராஜ் பக்கத்து மேசையிலிருந்து சொன்னார்: “பெரிய ஆளுங்களுக்கு ஏதுமா கோர்ட்டு? அதெல்லாம் நம்பள மாதிரி ஆளுங்களுக்குத்தான்.” சொல்லிவிட்டு மோர் வாங்கப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் ஸ்டேஷனுக்கு நடந்தபோதுதான் நமக்குள் வாக்குவாதம் வந்தது.

“இன்னாக்கா, போய் சொல்லிட்டு வாயேன். இன்னா பண்ணிடுவாங்க?” என்றேன்.

“பயத்தில இல்லைப் பிள்ளை. பெரிய நாடு குண்டு போட்டால் கேக்க ஏலாத கோட்டுக்கு, என்ர பிள்ளையின்ர சாவு ஏன்? சின்ன நாட்டுக்காரரை மட்டும் நிறுத்தினால் அது நீதியோ, இல்லாட்டி இன்னொரு மிரட்டலோ?”

எனக்குக் கோபம் வந்தது. என் கொழுந்தன் வினோத் இரும்பு உருட்டும் ஆலையில் மிஷினில் சிக்கிச் செத்த கதையை உன்னிடம் சொன்னேன். பொன்னேரி கோர்ட்டு வாசலில் என் மாமியார் வெயிலில் உட்கார்ந்திருந்ததைச் சொன்னேன். கடைசியில் சின்ன கான்ட்ராக்டர் ஒருவன்தான் ஜெயிலுக்குப் போனான். முதலாளியை ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஆனால் அந்த வழக்குக்குப் பிறகுதான் அந்த மிஷினுக்குக் கம்பித் தடுப்பு போட்டார்கள். அதற்கப்புறம் அங்கே யாரும் சாகவில்லை.

“பாதி கெடைச்சாலும் அது கெடைச்சதுதான்க்கா. ஒண்ணுமே இல்லாததுக்கு அது தேவல.”

நீ நின்று என்னைப் பார்த்தாய். “உங்கட மாமிக்கு அந்தப் பாதி போதுமாயிருந்ததோ?”

ரயில் வந்தது. நான் ஏறிவிட்டேன். அத்திப்பட்டு வரைக்கும் ஜன்னலோரம் நின்றுகொண்டே போனேன். வீட்டுக்குப் போனால் மாமியார் வினோத் போட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீயே போன் செய்தாய். மாதா கோயில் கூடத்துக்கு வரச் சொன்னாய். உன் வீட்டுக்காரர் வாசலில் செருப்போடு நின்றுவிட்டார், உள்ளே வரவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அம்மாவும், சென்னையிலிருந்து வந்த இளம் வக்கீலும் இருந்தார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். நீ அதைத் தொடவில்லை.

“முதல்ல நான் ஒண்டு கேக்கவேணும்,” என்றாய். “பெரிய நாடு ஒண்டு ஆசுப்பத்திரிக்குக் குண்டு போட்டால், அந்தத் தாய் உங்களிட்ட வந்து இப்பிடி இருந்து சொல்லலாமோ?”

இளம் வக்கீல் அதை மொழிபெயர்த்தாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பிறகு அவள் உன்னைப் பார்த்துச் சொன்னாள்: “சொல்லலாம்மா. நாங்க எழுதுவோம். ஆனா அந்த நாட்டுக்காரங்கள யாரும் கூண்டுல ஏத்த மாட்டாங்க. இன்னிக்கு நெலம அதுதான். உங்க கேஸுலயும் எதுவும் நடக்கும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது.”

நீ எழுந்து போய்விடுவாய் என்றுதான் நினைத்தேன். நீ முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “பொய் சொல்லாமல் விட்டியள். அதுக்காகச் சொல்லுறன்,” என்றாய்.

அப்போதுதான் நிரோசனை முதன்முதலாக முழுசாகக் கேட்டேன். வலது காலில் காயம். கூடாரம் போட்ட ஆஸ்பத்திரியில் தரையில் படுத்திருந்தான். பசிக்கிறது என்றான். நீ கஞ்சி வாங்க வரிசைக்குப் போனாய். திரும்பி வந்தபோது கூடாரம் இருந்த இடத்தில் புகை மட்டும் இருந்தது. கையில் கஞ்சி ஆறாமல் இருந்தது என்றாய். அழவில்லை. கஞ்சி சூடாக இருந்ததை மட்டும் இரண்டு தடவை சொன்னாய்.

யார் அடித்தது என்று கேட்டார்கள்.

“நான் காணாததைச் சொல்ல மாட்டன். ஆசுப்பத்திரி எண்டு தெரிய கூடாரத்துக்கு மேல சிவப்புச் சிலுவைக் குறி கீறியிருந்தது. அதைக் கண்டுகொண்டும் அடிச்சது ஆர் எண்டு தேடுறது உங்கட வேலை. ஆராயிருந்தாலும் தேடுங்கோ. எங்கட ஆக்களாயிருந்தாலும் தேடுங்கோ.”

வெளியே வந்ததும் உன் வீட்டுக்காரர் உன் கையைப் பிடித்துக்கொண்டார். ரோட்டில் லாரிகள் எளாவூர் பக்கம் போய்க்கொண்டிருந்தன. மூன்று பேரும் டீ குடித்தோம். “மனசு லேசாச்சாக்கா?” என்று கேட்டேன். “இல்லைப் பிள்ளை. முந்தி எனக்குள்ள மட்டும் இருந்தது. இப்ப நாலு பேருக்குள்ள இருக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்,” என்றாய்.

பிறகு உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போனாய், வந்தாய், மறுபடி போனாய். அந்த வக்கீல்களிடமிருந்து தகவல் ஏதாவது உண்டா என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாய். ஒன்றும் வரவில்லை.

போன மாதம்தான் வந்தது. அன்று கூடத்தில் என் நம்பரையும் வாங்கியிருந்தார்கள். அந்த இளம் வக்கீல் கூப்பிட்டாள். நீ சொன்னதில் ஏதாவது மாற்ற வேண்டுமா என்று கேட்க வேண்டியிருந்ததாம். நீ உயிரோடு இல்லை என்றேன். உலகக் கோர்ட்டில் வேலை பார்ப்பவர்களே இப்போது பயப்படுகிறார்கள், தடையில் சிக்கிய நீதிபதிகளின் பேங்க் கணக்குகூட முடங்கிக் கிடக்கிறது, எல்லாமே மெதுவாகத்தான் நகர்கிறது என்றாள்.

“நானும் கூட இருந்து கேட்டேன்ல, நான் வந்து சொல்லட்டுமா?” என்று கேட்டேன்.

“நீங்க பாக்கலியேம்மா. காதால கேட்டத வெச்சிக்கினு பெருசா ஒண்ணும் பண்ண முடியாது,” என்றாள். அவள் குரலும் சோர்ந்திருந்தது.

அக்கா, பாதி போதும் என்று அன்று அடித்துப் பேசியவள் நான். இப்போது எனக்கு உறுதியில்லை. எளியவனை மட்டும் நிறுத்தும் கோர்ட்டைப் பார்த்துப் பார்த்து, வலியவன் இன்னும் துணிந்துவிடுகிறான் என்று படுகிறது. அந்தக் கோர்ட்டும் இல்லாமல் போனால் உன்னைப் போன்றவளை உட்கார வைத்துக் கேட்கக்கூட ஆளிருக்காது என்றும் படுகிறது. இரண்டுமே உண்மையாக இருப்பதுதான் பேஜாரு. அந்தப் பாதி போதுமாயிருந்ததா என்ற உன் கேள்வியை மாமியாரிடம் ஒருநாள் கேட்டேவிட்டேன். “போதும்னு யாருடி சொன்னது? வேற இன்னா குடுத்தாங்க, வாங்கிக்க?” என்றார்.

இன்று மத்தியானம் கேன்டீன் டிவியில் வேறொரு நாட்டு ஆஸ்பத்திரி இடிந்து கிடந்தது. ஒரு தாய் கல்லைக் கையால் தோண்டிக்கொண்டிருந்தாள். போட்டது யார் என்று எல்லோருக்கும் தெரியும். அவர்களை யாரும் கேட்க மாட்டார்கள் என்பதும் தெரியும். புதிதாகச் சேர்ந்த பெண்ணொருத்தி, “இன்னாக்கா இது, யாருமே கேக்க மாட்டாங்களா?” என்றாள்.

தேவராஜ் வாயைத் திறப்பதற்குள் நான் டிவி சத்தத்தைக் குறைத்தேன். அவளைப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். “நிரோசன்னு ஒரு பையன் இருந்தான்,” என்று ஆரம்பித்தேன். வேலைக்குத் திரும்பும் சைரன் அடித்த பிறகும் தேவராஜ் எங்களை எழுப்பவில்லை.