அம்மா எண்ணிய பாசி

அன்பு மகளே,

இங்கே நாங்கள் இருவரும் சுகம், என் முழங்கால் மட்டும் நினைத்த நாளில் சுகமாக இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். அங்கே குளிர் தொடங்கிவிட்டதாமே, காதை மூடாமல் வெளியே போகாதே. உன் அறை ஜன்னல் கொக்கியை மாற்றிவிட்டேன். அம்மா ஏன் போனில் இரண்டே வார்த்தையில் வைத்துவிடுகிறாள் என்று கேட்டிருந்தாய், கோபமெல்லாம் இல்லை, அவளுக்கு இங்கே பெரிய மல்லுக்கட்டு நடந்துகொண்டிருந்தது.

ஆய்வுக்கூடத்தில் அவள் வேலை உனக்குத் தெரியும். மலையாற்றுக் கற்களின் மேல் வழவழவென்று படிந்திருக்கும் பழுப்புப் பாசியைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, மைக்ராஸ்கோப்பில் வைத்து, எந்த வகை எத்தனை என்று நானூறு வரை எண்ணுவாள். சுத்தமான தண்ணீரில் மட்டும் வாழும் வகை உண்டு, சாக்கடையிலும் சட்டமாக உட்கார்ந்திருக்கும் வகையும் உண்டு, எது அதிகம் என்பதிலேயே ஆற்றின் உடம்பு தெரிந்துவிடுமாம். இருபத்திரண்டு வருஷமாக இதைப் பாசி தேய்க்கிற உத்தியோகம் என்று கேலி செய்தவன் நான்.

இந்த வருஷம் பாலத்துக்குக் கீழே ஊருக்குக் குடிதண்ணீர் எடுக்கத் திட்டம் போட்டார்கள். பாட்டிலில் பிடித்த தண்ணீர் எல்லாச் சோதனையிலும் தேறியது. அம்மாவின் எண்ணிக்கையில் மட்டும் நல்ல பாசி நானூற்றில் நாற்பதுகூட இல்லை. ஆறு ஆரோக்கியம் என்று கையெழுத்துப் போடச் சொன்னார் அவளுடைய அதிகாரி. “தண்ணியே சுத்தம்னு வந்துடுச்சு, நீங்க மட்டும் ஏம்மா பாசியைப் பிடிச்சுத் தொங்குறீங்க?” என்றாராம். “சார், பாட்டில்ல இருக்கறது அந்த நிமிஷத்துத் தண்ணி. பாசி மாசக்கணக்கா அந்தக் கல்லை விட்டு நகரல. நான் அதைத்தான் நம்புவேன்” என்றிருக்கிறாள் உன் அம்மா. ஒரு வாரம் தவணை கேட்டு வாங்கினாள்.

தேய்த்த பாசியைச் சேர்க்கும் தட்டு சுமக்க நானும் போனேன். பாலத்திலிருந்து மேல்நோக்கி ஒன்பது இடம், இடத்துக்கு ஐந்து கல். மூன்றாவது இடத்தில் நான் வழுக்கி உட்கார்ந்தேன், அவள் முதலில் தட்டைத்தான் பிடித்தாள், பிறகுதான் என்னை. அப்புறம் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து கண்ணில் நீர் வடிய வடிய எண்ணினாள். ஆறாவது இடம்வரை கெட்ட பாசிதான், ஏழாவதில் நல்ல பாசி முந்நூற்றைத் தாண்டிவிட்டது. அப்படியானால் கோளாறு இரண்டுக்கும் நடுவில், பகல் தண்ணீரில் சிக்காதது இருட்டில்தான் வரும் என்று மறுநாள் விடியும் முன்பே அதிகாரியைக் கையோடு கூட்டிப்போனாள். அங்கே புதருக்குப் பின்னால், மேட்டில் இருக்கும் சுற்றுலா விடுதியின் கழிவுக் குழாய் கொப்பளித்துக்கொண்டிருந்தது. தினமும் விடிகாலையில் திறந்துவிடுவார்களாம், பாட்டில்காரர்கள் மதியம் போவதற்குள் ஆறு எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும். அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு, “நான்தாம்மா அவசரப்பட்டுட்டேன்” என்றார்.

குழாயை அடைத்துவிட்டார்கள், திட்டத்தையும் நிறுத்திவைத்திருக்கிறார்கள். மூன்று மாதம் கழித்துப் போன வாரம் பாலத்தடியில் திரும்ப எண்ணினாள். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் “நூத்தித் தொண்ணூறு” என்றாள். பரீட்சை எழுதிய பிள்ளை தேறியதைச் சொல்வதுபோல் இருந்தது அந்த முகம். இப்படிப்பட்டவளோடு இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அவள் வேலையைப் பற்றி ஒரு நாள் உட்கார்ந்து கேட்டதில்லை நான். நேற்று ஆய்வுக்கூடத்துக்குப் போய் மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். கண்ணாடியில் செதுக்கிய படகுகள் மாதிரி, அத்தனை அழகு.

அவளாக உன்னிடம் இதைச் சொல்லமாட்டாள், பெருமையடிப்பதாக ஆகிவிடுமாம். வருகிற வியாழக்கிழமை பொறியாளர்கள் கூட்டத்தில் அவளைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள், அதிகாரிக்குப் பயப்படாதவள் மைக்குக்கு நடுங்குகிறாள். புதன்கிழமை மறக்காமல் போன் செய். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாமல், “ஆறு எப்படிம்மா இருக்கு?” என்று மட்டும் கேள். அவள் ஒரு மணி நேரம் பேசினாலும் குறுக்கே பேசாதே.

எடுத்ததெல்லாம் கைகூடி, இருவரும் நீடூழி வாழ வேண்டும்.

உன் அப்பா