பௌதிகம் இரண்டு

பெப்ரவரி 6, 2024

அடுத்த வருடப் பாடங்களைத் தெரிவுசெய்ய இன்னும் ஒரு கிழமைதான். மருத்துவத்துக்குப் 'பௌதிகம் ஒன்று' என்ற பாடம் போதும். 'பௌதிகம் இரண்டு' கட்டாயமில்லை, எடுத்தால் அனுமதிக்கு ஒரு புள்ளி கூடுதலாகக் கிடைக்கும். பாடசாலை ஆலோசகர் நோரா, "உனக்கு அது வேண்டாம், மிதுனா" என்றார். ஒரு தாளில் கணக்குப் போட்டும் தந்தார். நான் பார்க்கவில்லை. மடித்து இந்தக் கொப்பிக்குள் வைத்துவிட்டேன்.

பெப்ரவரி 7

அப்பாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிவிட்டார். "கொண்ணனுக்கும் உப்பிடித்தான் சொன்னவை. தச்சுவேலை படி எண்டு. கேட்டிருந்தா அவன் இண்டைக்கு இஞ்சினியரே?"

நிருஜன் அண்ணாவின் புள்ளிகளைக்கூடப் பார்க்காமல் சொன்னார்கள், அது உண்மை. அன்றிலிருந்து வீட்டில் இதுதான் சட்டம்: ஆலோசகர் வேண்டாம் என்றால் அதை எடு. நாங்கள் குடியேறிய இந்தப் பியோர்ண்டாலில் எத்தனை தமிழ் வீடுகளில் இதே சட்டமோ!

நோரா என் புள்ளிகளைப் பார்த்துத்தான் சொன்னார். அதை அப்பாவிடம் சொல்லவில்லை. ஏன்? எனக்கும் ரோஷம் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

பெப்ரவரி 13

எடுத்துவிட்டேன்.

நவம்பர் 19

காந்தப்புலம். மூன்று பக்கம் எழுதினேன், மூன்றும் பிழை. பஸ்ஸில் அழுதேன். முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து அம்மாவும் அதே பஸ்ஸில் ஏறினார். தோடம்பழம் உரித்துத் தந்தார்.

ஜனவரி 22, 2025

பௌதிகத்தோடு மாரடித்ததில் இரசாயனமும் போய்விட்டது. ஆறுக்கு ஆறு எடுத்தவள் இப்போது ஐந்து. விட்டுவிடுவோமா? "பாதியிலை விட்டா அவை நினைச்சது சரியெண்டு போகும்" என்கிறார் அப்பா. யார் அந்த 'அவை'? நோராவுக்கு என் பெயராவது ஞாபகம் இருக்குமா?

யூன் 18

பௌதிகம் இரண்டு: ஆறுக்கு மூன்று.

யூலை 20

இடம் கிடைக்கவில்லை. வெட்டுப்புள்ளிக்குப் பூச்சியம் தசம் நான்கு குறைவு.

நோராவின் தாளை இன்றைக்குத்தான் விரித்தேன். பென்சில் எழுத்து. "மூன்று வந்தால் கூடுதல் புள்ளி ஒன்று கிடைக்கும், சராசரியில் அதைவிட அதிகம் போகும். இதற்குப் பதில் உயிரியல் எடு. நீ உள்ளே போவாய்." கடைசி வரிக்குக் கீழே கோடு போட்டிருந்தார்.

அப்பா அறை வாசலில் வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. "பாத்தியே? எங்கடை பிள்ளையளை விடமாட்டாங்கள்."

தாளைத் தலையணைக்குக் கீழே தள்ளிவிட்டு, "ஓம் அப்பா" என்றேன்.

அவருக்குப் பின்னால் தங்கச்சி சோபிகா நின்றாள். ஓகஸ்டில் அதே பாடசாலையில் சேர்கிறாள். நான் சொன்னது அவளுக்கும் கேட்டது.