வரவேற்பு வரிசையில் உன் மனைவி

ப்வா கானோ,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள பெங்-ஹாவ்,

நானும் அம்மாவும் நலம். நீ நலமா என்று கேட்கப் பயமாக இருக்கிறது. நலம் என்று எழுதினால், நான் இல்லாமல் எப்படி என்று கோபம் வரும்.

நம் தீவின் அரசாங்கம் தைவானை உதறிவிட்டுப் பெய்ஜிங்கோடு கைகுலுக்கியது, உங்கள் தூதர் கொடியை இறக்கியது, விவசாயக் குழுவோடு உன்னையும் விமானத்தில் ஏற்றியது எல்லாம் ஒரே வாரத்தில் முடிந்தது. ஊருக்கு மட்டும் அந்தப் பேச்சு இன்னும் அலுக்கவில்லை. மீன் விற்கும் ஃபிலோமினா, "என்னடி வெர்லீன், உனக்கும் உன் புருஷனுக்கும் ராஜாங்க உறவு முறிஞ்சுபோச்சாமே?" என்று சந்தை முழுக்கக் கேட்கும்படி கத்துகிறாள். அங்கே சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

கொய்யா நன்றாகக் காய்த்திருக்கிறது. உன் கீரைப் பாத்திகளுக்கு நான்தான் தண்ணீர் விடுகிறேன். அடுத்த மாதம் தோட்டமும், குழுவுக்குக் கொடுத்த இந்த வீடும் புதியவர்கள் கைக்குப் போகின்றன. நான் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன்.

நேற்று பெய்ஜிங்கின் புதிய தூதர் தோட்டத்தைப் பார்க்க வந்தார். கவுன்சிலர் யூஸ்டஸ் என் காலில் விழாத குறை. "அவங்க பாஷையில வாங்கன்னு சொல்ல உன்னை விட்டா யாரு இருக்கா? மாட்டேன்னுடாத தாயே" என்றார். நீ வாங்கித் தந்த மஞ்சள் கவுனைப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் நின்று உன் சீன மொழியில் வரவேற்றேன். தூதர் முகம் மலர்ந்துவிட்டது. "இவ்வளவு சுத்தமா எங்க கத்துக்கிட்டீங்க?" என்றார்.

"வீட்டுலதான். என் புருஷன் சொல்லிக் குடுத்தாரு" என்றேன். அவர் எங்கே என்று கேட்டார். "உங்களுக்கு இடம் விட்டுட்டுப் போயிருக்காரு" என்றேன். தூதரோடு வந்திருந்த நம் மந்திரி பலமாக இருமினார். யாரும் சொல்லாமலே போலீஸ் பேண்ட் வாசிக்கத் தொடங்கிவிட்டது. தூதர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு அடுத்த கையைக் குலுக்கப் போனார். யூஸ்டஸ் இப்போது என்னோடு பேசுவதில்லை. தொல்லை விட்டது.

ஆனால் ஒன்று. அந்த மனிதர் பேசியபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நீ போனதிலிருந்து அந்த மொழியில் என்னிடம் பேச ஆளில்லை. யார் வாயிலிருந்து வந்தாலும் போதும் என்று ஆகிவிட்டேனே என்று என்மேலேயே ஆத்திரம். நேற்றிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை.

வேறொரு தீவுக்கு உன்னை அனுப்பப் போகிறார்கள், பொறுத்துக்கொள், பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறாய். பார்க்கலாம் என்பது மந்திரிகள் பேசும் பேச்சு. எனக்கு வேண்டாம். குடியேற்ற அலுவலகத்தில் கேட்டேன். "பொண்டாட்டிகிட்ட வர்றவருக்குத் தூதரகம் எதுக்கும்மா?" என்று அந்த அதிகாரியே சிரித்தார். அம்மா வீட்டுக்குப் பின்னால் அப்பாவின் நிலம் சும்மா கிடக்கிறது. அந்த வேலையை விட்டுவிட்டு வா.

வர மனமில்லை என்றால் அதையும் நீயே உன் கையால் எழுது. மனம் இருந்தால் எழுத வேண்டாம், கிளம்பு. விமான நிலையத்தில் எந்த அரசாங்கம் அனுப்பியது என்று கேட்பார்கள். யாரும் அனுப்பவில்லை, வெர்லீன் கூப்பிட்டாள் என்று சொல். சத்தமாகச் சொல், நான் வெளியேதான் நிற்பேன்.

உன்
வெர்லீன்