புள்ளி வைக்காத கையெழுத்து

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். தினம் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நான் முடிப்பதற்குள் “பரவாயில்ல விடும்மா” என்றுவிடுவாய். இதை நீ அப்படி விடக்கூடாது.

நம் குடியிருப்பில் லிஃப்ட் நின்று பதினோரு நாள் ஆகிறது. லிஃப்ட் பழுதுபார்க்கிற பெண்ணைப் பெற்றுவிட்டு நான் மூன்று மாடி ஏறுகிறேன். அப்பா ஒவ்வொரு மாடியிலும் நின்று யாரிடமாவது உன் பெருமை பேசுகிறார், மூச்சு வாங்குவதை மறைக்கத்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் நீ வேலைக்குப் போன அந்த நாட்டிலேயே சொந்தமாகக் கம்பெனி பதிவு செய்யக் கிளம்பினாய், இரண்டு இயக்குநர் வேண்டும் என்றார்கள், “நீயே இரும்மா, வெளியாளச் சேக்க எனக்கு இஷ்டமில்ல” என்று சம்மதப் படிவத்தை அனுப்பினாய். நான் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். பாஸ்போர்ட்டில் இருப்பதோடு ஒத்துப்போகவில்லை என்று அங்கே மொத்த விண்ணப்பத்தையும் திருப்பிவிட்டார்கள். கைக்கு வந்த ஆஸ்பத்திரி லிஃப்ட் வேலை போய்விடக்கூடாதே என்று நீ அவசரமாக உன் பழைய சூப்பர்வைசரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டாய். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. “அம்மாவுக்குக் கை நடுங்குது போலப்பா” என்று அப்பாவிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னாய், அன்றிலிருந்து வாராவாரம் விசாரணை, நரம்புக்கு மாத்திரை, அழுத்திப் பழக ரப்பர் பந்து.

என் கை நடுங்கவில்லை கண்ணு. முப்பத்தொரு வருஷம் பதிவு அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தவள் நான், எந்தத் தாள் எதற்காகத் திரும்பும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என் கையெழுத்துக்கு அடியில் ஒரு கோடும் கோட்டுக்கு அடியில் இரண்டு புள்ளியும் உண்டு. அன்றைக்குக் கோடும் போடவில்லை, புள்ளியும் வைக்கவில்லை. வேண்டுமென்றேதான் செய்தேன். கம்பெனி பதிவாகிவிட்டால் நீ அங்கேயே தங்கிவிடுவாய், பதிவாகாவிட்டால் நாலு நாள் அழுதுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவாய் என்று நினைத்தேன். நீ வரவில்லை. போன வாரம் அந்தக் கூட்டாளியைப் பற்றிக் கேட்டபோது “எந்த லிஃப்ட்ட எப்பப் பாக்கணும்னுகூட அவருதாம்மா சொல்றாரு, நான் பேருக்குத்தான் முதலாளி” என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பைக் கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை. பெற்ற பெண்ணின் பிழைப்பில் நானே மண்ணைப் போட்டுவிட்டேன்.

நேற்று அப்பாவிடம் சொன்னேன். கத்துவார் என்று பார்த்தேன். “பொண்ணு வீடியோவுல வரும்போதெல்லாம் அந்தப் பந்த அழுத்திக் காட்டுனியே, எப்படி மனசு வந்துச்சு?” என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

இப்போது அந்தச் சூப்பர்வைசரை விட்டு விலகிப் புதிதாக வேறு கம்பெனி பதிவு செய்யப்போவதாகவும், நீ வாடகைக்கு இருக்கிற வீட்டுக்காரம்மா இரண்டாவது இயக்குநராக இருக்கச் சம்மதித்துவிட்டதாகவும், எனக்குத் தொந்தரவு வேண்டாம் என்றும் சொன்னாய். நியாயம்தான். அந்தம்மாவிடம் எல்லாத் தாளுக்கும் நகல் வாங்கி வைத்துக்கொள். ஆனாலும் மனசு கேட்காமல் நோட்டரி வக்கீல் முன்னால் உட்கார்ந்து புதுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். கம்பெனி பெயர் எழுதும் இடம் காலியாக இருக்கிறதே என்று வக்கீல் தயங்கினார். வெற்றிடம் விட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்னவள்தான் நான். “எம் பொண்ணு எழுதிக்குவா சார்” என்றேன். உனக்கு வேண்டுமானால் எழுதிக்கொள், வேண்டாமென்றால் கிழித்துப் போடு, ஏன் என்று கேட்கமாட்டேன்.

நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், எங்கே இருந்தாலும் தலைநிமிர்ந்து இரு. இனி மாத்திரை அனுப்பாதே. தாளைக் கொடுக்குமுன் கையெழுத்தை ஒருமுறை பார்த்துக்கொள், கோடு போட்டிருக்கிறேன், புள்ளி இரண்டும் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா