பக்கத்து நிரை

பெங்களூர்
4.9.1988

அன்புள்ள ஐவி அக்காவுக்கு,

லோயிஸ் எழுதுவது. நீ அனுப்பிய தேயிலைத்தூள் வந்தது. ஆய்வுக்கூடமே மணக்கிறது. என் காரியம்தான் மணக்கவில்லை.

டி.என்.ஏ. என்பது மிக நீளமான இழை, அக்கா. சில புரதங்கள் அதில் தத்தம் இடத்தில் போய் உட்கார்ந்தால்தான் அங்குள்ள ஜீன் வேலை செய்யும். என்னிடம் இருக்கும் இரண்டு புரதங்களும் அக்கா தங்கை மாதிரி, ஒரே சாடை. செல்லுக்குள் அதது தன் இடத்துக்குச் சரியாகப் போகிறது. என் குழாயில் போட்டால் இரண்டும் ஒரே இடத்தில் ஒட்டுகின்றன. அழுக்காக இருக்கும் என்று மூன்று முறை சுத்தம் செய்துவிட்டேன். மாதக் கடைசிக்குள் விடை இல்லையென்றால் ஆராய்ச்சியை விட்டுவிடச் சொல்கிறார் பேராசிரியர். ஊருக்கே வந்துவிடட்டுமா?

உன் தங்கச்சி
லோயிஸ்

இரண்டாம் டிவிஷன், கூடலூர்
11.9.1988

என் தங்கம் லோயிஸுக்கு,

வா, சோறு போடுவேன். முகம் கொடுத்துப் பேச மாட்டேன். சிலோனிலிருந்து கப்பலேறி வந்த நம் லயத்து வரிசைவீட்டு ஆட்களில் அவ்வளவு தூரம் படிக்கப் போனவள் நீ ஒருத்திதான். தபால் பையோடு நடந்தால், "அந்தா லோயிஸோட அக்கா போகுது" என்கிறார்கள். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமாடி, கழுதை!

இங்கே நான் அடித்த கூத்தைக் கேள். சிலோனில் அட்டனிலிருந்து ஒரு கடிதம். முகவரியில் 'சுப்பம்மா, தகப்பன் செல்லையா' என்று மட்டும் இருந்தது. அந்தப் பெயரில் இரண்டு பேர் இருப்பது தெரிந்தும், எதிரே வந்தவளுக்கு வாசித்துவிட்டேன். ஆத்தா இறந்த செய்தி. அவள் மாரடித்து அழ, லயமே கூடிவிட்டது. கடைசி வரியில், "பக்கத்து நிரை ஆண்டாயியையும் கேட்டதாகச் சொல்" என்று வந்ததும் அழுகையை நிறுத்தினாள்.

"ஏன் புள்ள, எனக்குப் பக்கத்து நிரை சின்னம்மையில்ல? அப்ப எங்காத்தா உசுரோடதான் இருக்கு!" என்று என்னை அடிக்கவே வந்துவிட்டாள்.

அந்தப் பெண்கள் சிலோனிலிருந்தே அடுத்தடுத்த தேயிலை வரிசையில் நிரை பிடித்து, சோடி மாறாமல் கொழுந்து எடுப்பவர்கள் அல்லவா? ஆண்டாயியின் சோடியான மற்ற சுப்பம்மாவைத் தேடிப் போய் மறுபடி வாசித்தேன். இப்போது என் தபால் பதிவேட்டில் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் சோடியின் பெயரை எழுதுகிறேன்.

உன் புரதம் செல்லுக்குள் யாரோடு நிரை பிடிக்கிறது? சட்டி தேய்க்கச் சொன்னால் ஓட்டை விழும்வரை தேய்ப்பவள் ஆயிற்றே நீ. கூட இருந்ததையும் சேர்த்துக் கழுவிவிட்டாயோ என்னவோ.

உன் அக்கா
ஐவி

பெங்களூர்
29.9.1988

என் அக்காவுக்கு,

கழுவித்தான் விட்டிருந்தேன்! நல்லவேளை, கழுவிய நீரைக் கொட்டாமல் குளிர்பெட்டியில் வைத்திருந்தேன். அதில் ஒரு துளியைக் குழாயில் சேர்த்தேன். அந்த நீரில் வேறொரு புரதம் இருந்தது, இரண்டில் மூத்ததற்கு மட்டும் சோடி. அது வந்து சேர்ந்ததும் மூத்தது நேராகத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. இளையது அந்தச் சோடியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நான்கு தரம் செய்துபார்த்தேன், நான்கு தரமும் அப்படியே. நின்றபடியே அழுதுவிட்டேன்.

நேற்று எல்லார் முன்னாலும் காட்டினேன். ஆராய்ச்சியைத் தொடரச் சொல்லிவிட்டார்கள். "இந்த யோசனை யாருடையது?" என்று பேராசிரியர் கேட்டார்.

"எங்கள் தோட்டத்தில் தபால் கொடுக்கும் ஐவி" என்றேன்.

உலகத்தில் ஐவி என்று எத்தனையோ பேர் இருப்பார்களே. அதனால், "லோயிஸின் அக்கா" என்றும் சேர்த்துச் சொன்னேன்.

உன்
லோயிஸ்