மேடையில் ஒரு காலி நாற்காலி

அப்பாவுக்கு வணக்கம். முட்டிவலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

இங்கே எழுத்தாளர்கள் கூடிப் பேசும் விழாவில் நாற்காலி போடுகிறேன். நேற்று மேடையில் ஒன்று சும்மா கிடக்கிறதே என்று தூக்கிவந்து, அதில் உட்கார்ந்து சாப்பிட்டேன். மேஸ்திரி ஓடிவந்தார்.

"யோவ், நம்மள மாதிரி கூலிக்காரங்களுக்காக எழுதி ஜெயிலுக்குப் போனவரோட இடம்யா அது. அவர் வர்ற வரைக்கும் காலியாத்தான் இருக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். துடைத்துத் திரும்ப வைத்தேன்.

இன்று காலை அவர் சிறையிலேயே இறந்துபோனதாகச் செய்தி வந்தது. "இனிமே வேணாம், எடுத்துடு" என்றார் மேஸ்திரி. மற்றவற்றோடு அடுக்கிவிட்டேன். எது அவருடையது என்று இப்போது எனக்கே தெரியாது.

வீட்டில் என் நாற்காலியில் துணி குவிகிறதாம், தங்கை சொன்னாள். குவியட்டும். நாற்காலியை மட்டும் எடுத்து வைத்துவிடாதீர்கள், அப்பா.

கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

உங்கள் மகன்