காதுக்குள் அடிக்கும் பெல்

தடுப்பூசி போட்ட மறுநாளிலிருந்து வேதசிரோமணியின் காதில் மணிச்சத்தம் கேட்கிறது. மாதக்கணக்காகியும் நிற்கவில்லை; காரணம் டாக்டருக்கும் தெரியவில்லை. யாரோ பெல் அடிப்பதாக நினைத்து அவர் ஓடி ஓடிக் கதவைத் திறக்க, "எல்லாம் உங்க பிரமை" என்று நேற்று கத்திவிட்டாள் மனைவி ஞானஜோதி. காலையில் அவர் எழுவதற்குள் பள்ளிக்கூடம் கிளம்பியவள், ஃப்ரிட்ஜில் சீட்டு ஒட்டினாள்:

"என்னங்க, மீன் குழம்பைச் சூடு பண்ணிச் சாப்பிடுங்க. மத்தியானம் என் தங்கச்சி ஹெப்சி வருவா. பெல்லைத் தொடாதே, கதவைத் தட்டுன்னு சொல்லியிருக்கேன். பெல் சத்தம் கேட்டா எழுந்திருக்காதீங்க, அது ஹெப்சி இல்ல."

வாசல் வரை போனவள் திரும்பி வந்து, அடியில் நுணுக்கி எழுதினாள்:

"பிரமைன்னு சொன்னது தப்புங்க. சனிக்கிழமை டாக்டர்கிட்ட நானும் வர்றேன். இனிமே சண்டையை அவர்கிட்ட போட்டுக்கிறேன்."